பின்னால் நிற்கும் வேலை

எண்பதுகளில் ஒரு நாள், காலை ஏழு மணி பஸ்ஸில் என் முன்சீட்டில் குடோன் லோடுமேன் ஒருவரும், பூ விற்கும் அவர் மனைவி மேரியும் உட்கார்ந்திருந்தார்கள். தினமும் அவர்களோடு ஏறும் இன்னொரு லோடுமேன் அந்தோணி அன்று இல்லை.

“இன்னிக்கு என்னை எடைக்குத்தான் கூப்புட்டிருக்காங்க,” என்றார் லோடுமேன் மனைவியிடம்.

“எடைக்கா?”

“சரக்கு தூக்கற பெரிய டீசல் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ரிப்பேரு. குடோன் உள்ள ஓட்டற பேட்டரி வண்டி ரெண்டு டன்தான் தூக்கும். பேப்பர் உருளை அதுக்கு மேல கனம். தூக்குனா பின்சக்கரம் எழும்பிடும். நாங்க நாலு பேரு பின்னால ஏறி நின்னா எழும்பாது.”

“உன் தொந்திய நம்பியாய்யா தூக்கறாங்க? நேத்து அந்தோணி அண்ணனும் அப்படித்தான நின்னாரு?”

“நின்னான். வண்டி எழும்புச்சு, கீழ விழுந்துட்டான்.”

“அப்புறம் சக்கரம் எங்க எறங்குச்சு?”

“அவன் கால்மேல.”

கண்டக்டர் வந்தார்.

“பெரிய மார்க்கெட் ரெண்டு,” என்றாள் மேரி.

“ஏ புள்ள, நான் குடோன்ல எறங்கணும்.”

“வேணாம். பூக்கூடைய தூக்கிக்கினு எங்கூட வா.”

குடோன் ஸ்டாப்பில் அவர் எழுந்தார். மேரி அவர் சட்டையை விடவில்லை. பஸ் கிளம்பியதும் உட்கார்ந்தார்.

“பதினெட்டு ரூவா கூலி போச்சு. டிக்கெட்டுல வேற இருபது பைசா அதிகம்,” என்று முனகினார்.