பன்னிரண்டு சீடர்களில் ஒருவர்

ஈஸ்டருக்கு முந்தின நாள், தேனியிலிருந்து கம்பம் போகிற பஸ். பின்சீட்டில் இரண்டு ஆண்கள். "முந்தாநாளு என் பொண்டாட்டி காலக் கழுவிவிட்டேன் மாப்ள" என்று ஒருவர் சொன்னதும் என் தூக்கம் போய்விட்டது.

"ஏலே, தங்கச்சிக்குக் காலுல அடி கிடி பட்டுருச்சா?"

"அதெல்லாம் இல்ல. பெரிய வியாழன் பூசையில பன்னெண்டு சீடருல ஒருத்தனா என்னய உக்கார வச்சாக. பங்குச் சாமியாரு முட்டி போட்டு, என் வலது காலக் கழுவித் தொடச்சு முத்தமும் குடுத்தாக. அதுக்கு முன்னாடி வாழைக்கறை போகணும்னு நான் தேச்ச தேய்ப்பு எனக்குத்தேன் தெரியும்."

"சரி, அதுக்கு?"

"வீட்டுக்கு வந்தா இவ கேக்குறா, 'ஒங்க காலச் சாமியாரு கழுவுனாக, நீங்க யாரு காலக் கழுவப் போறீக?'ன்னு. குண்டாவுல தண்ணியோட உக்காந்துட்டேன். கூச்சம் தாங்காம அவ சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீடே வந்துருச்சு."

"ஆம்பள செய்யிற வேலையாடா இது? வெளிய சொல்லிராத."

"சீடருக காலக் கழுவுன ஏசுசாமி ஆம்பள இல்லையா?"

மாப்பிள்ளை எழுந்து நின்றார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி முன்சீட்டை நோக்கிக் கத்தினார்.

"ஏத்தா தங்கச்சி, இவன் சொல்றது நெசமா?"

மடியில் திராட்சைப் பை வைத்திருந்த பெண் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"நெசந்தாண்ணே. ஆனா சாமியாரு மாதிரியே வலது காலோட எந்திரிச்சுட்டாக. இடது காலு எப்பன்னு கேட்டுச் சொல்லுங்க."