மேல்வீட்டுச் சாட்சி

கமலினி: நாகேஸ்வரி அக்கா, கதவைச் சாத்தாதையுங்கோ. வடை சுட்டனான்...

நாகேஸ்வரி: எட்டு மாசமாக் கதைக்காத கமலினி, வடையோட படியேறி வாறா! ஆருக்கு என்ன வருத்தம்?

கமலினி: ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. சும்மா...

நாகேஸ்வரி: என்ர உடுப்புகளைக் கொடியில இருந்து ஈரத்தோட கழட்டிப் போட்டனீரே, அதுவும் சும்மாதானோ?

கமலினி: அக்கா, சனிக்கிழமை கொடி கீழ்வீட்டு முறைதானே...

நாகேஸ்வரி: பாத்தீரோ, இன்னும் விடேல்லை! சரி, கதிரையில இரும். வந்த விஷயத்தைச் சொல்லும்.

கமலினி: சிட்னி சிற்றியில ஒரு வேலைக்கு மனுப் போட்டிருக்கிறன். கோப்புகள் பாக்கிறது, டைப் அடிக்கிறது.

நாகேஸ்வரி: நல்லது. அதுக்கு எனக்கேன் வடை?

கமலினி: அக்கம்பக்கத்தில விசாரிப்பினமாம்... நான் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு.

நாகேஸ்வரி: டைப் அடிக்கிறதுக்கு விசாரணையோ? என்ன கந்தோர் அது?

கமலினி: ...பொலிஸ்.

நாகேஸ்வரி: ஐயோ! ஊரில பொலிஸ் ஜீப்பைக் கண்டாலே ஒழுங்கைக்குள்ள ஓடினனாங்கள். நீர் இங்க தேடிப் போறீரோ?

கமலினி: இது வேற, அக்கா. அவுஸ்திரேலிய பெடரல் பொலிஸ். ரெண்டு பொலிசை ஒண்டாச் சேர்த்து, போன மாதம்தான், இந்த 1979 ஒக்ரோபரில, துவங்கினவங்கள். கள்ள நோட்டு, எயார்போட் காவல்... அப்பிடி மத்திய அரசின்ர அலுவல். இங்க றோட்டில கார் மறிக்கிறது மாநிலப் பொலிஸ்.

நாகேஸ்வரி: நல்லாப் பாடமாக்கியிருக்கிறீர்.

கமலினி: இன்ரவியூவுக்குப் படிச்சனான். முதல் கதை தெரியுமோ? 1917இல, கூட்டத்தில ஆரோ பிரதமருக்கு முட்டை எறிஞ்சவங்கள். 'பிடி அவனை' எண்டு அவர் கத்த, நிண்ட மாநிலப் பொலிஸ்காரர் 'உங்கட சட்டத்துக்கு நான் ஆளில்லை' எண்டிட்டாராம். அந்தக் கோபத்திலதான் மத்திய அரசு தனக்கெண்டு ஒரு பொலிஸ் வைச்சது.

நாகேஸ்வரி: ஒரு முட்டைக்கோ! எங்கட கொடிச் சண்டை பரவாயில்லை.

கமலினி: சிரிக்காதையுங்கோ. இந்த வேலை கிடைச்சாத்தான் தங்கச்சியை ஊரிலயிருந்து ஸ்பொன்சர் பண்ணி இங்க எடுக்கலாம்.

நாகேஸ்வரி: அப்ப நான் பொய் சொல்ல வேணும்.

கமலினி: பொய் வேண்டாம். கொடிக் கதையை மட்டும்... கொஞ்சம் விட்டிடுங்கோ.

நாகேஸ்வரி: வடைக்கு உப்புக் காணாது.

கமலினி: அக்கா!

நாகேஸ்வரி: விசாரிக்கிற அந்த ஆள் செவ்வாய்க்கிழமையே வந்து, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டார்.

கமலினி: என்ன! நீங்கள்... என்ன சொன்னீங்கள்?

நாகேஸ்வரி: கொடிக் கதை முழுக்கச் சொன்னன். 'அப்ப இவவை நம்பலாமோ?' எண்டு கேட்டார். 'என்ர மனுசனுக்கு வேலை போய், மூண்டு மாசமா விடிய வேலைக்குப் போறமாதிரி ரை கட்டிக்கொண்டு போய் பார்க்கில இருந்திட்டு வந்தவர். அதைக் கண்டது இவ ஒருத்திதான். இவ்வளவு சண்டையிலயும் அது இவவின்ர வாயால வரேல்லை. உங்கட கோப்புகளைத் தாராளமாக் குடுங்கோ' எண்டன்.