மஞ்சள் தொட்ட கார்டுகள்

இல்ல மேடம், நான் நின்னுக்கிடுதேன். காலைல இருந்து மிஷின்ல ஒக்காந்தே இருக்க ஆளுக்கு நிக்கதுதான் சொகம். தண்ணியா? வேண்டாம், வேண்டாம். இப்ப வேண்டாம். அங்கனயே இருக்கட்டும்.

ஆமா, முத்துப்பேச்சி. மூணாம் லைன், ஓவர்லாக் மிஷின். இந்தப் படத்துல இருக்க தபால் கார்டு நான் செஞ்சதுதான், இல்லன்னு சொல்லவே இல்லையே. வெட்டுத்துணில ஒட்டுன இந்த மயிலு என் மயிலு. ரோஸ் கலர்ல மயில் எங்க இருக்குன்னு கேட்டா, அன்னைக்கு லைன்ல ஓடுனது ரோஸ் துணி, நான் என்ன செய்ய? அட்டை, நம்ம சட்டைய மடிக்கும்போது உள்ள வைப்பாங்கள்லா, அந்த அட்டை. ஓரம் மடங்கிப்போனத வேஸ்ட் மூட்டையில இருந்து எடுத்தேன். அதுக்கும் ஒரு மெமோ உண்டும்னா குடுங்க, வாங்கிக்கிடுதேன்.

ஆனா நதியாவ எதுக்கு மேடம் கேட்டுலயே நிறுத்துனீங்க?

ம். கார்டுக்குப் பின்னாடி இங்கிலீசு இருக்கு. எங்க லைன்ல இங்கிலீசு தெரிஞ்சவ அவ ஒருத்தி. அதனால ஒட்டுனது முத்துப்பேச்சி, எழுதுனது நதியா. காலர் வைக்கவ வேற, கை வைக்கவ வேறன்னு பிரிச்சே பழகுன கம்பெனில்லா, கார்டையும் அப்படியே பிரிச்சிட்டீங்க. பாவம் அந்தப் பிள்ள, பெருமாநல்லூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வருது. நேத்து கேட்டு வாசல்ல நின்னு அழுதுட்டுப் போயிருக்கு.

படிச்சுக் காட்ட வேண்டாம் மேடம், என்ன எழுதியிருக்குன்னு தெரியும். ஒரு லைனுக்கு நாப்பது பொம்பளைங்க, நாப்பது பேருக்கும் ஒரு டோக்கன், அது கைக்கு வந்தாத்தான் பாத்ரூம் போகலாம். கீழ கம்பெனி பேரு. கார்டு போய்ச் சேந்த நெதர்லாந்து அம்மா அதைப் படம் புடிச்சு நெட்ல போட்டு, அது நம்மகிட்ட சட்டை வாங்குத பையர் கண்ணுல பட்டு, அவங்க மெயில் போட்டு, இப்ப நான் உங்க முன்னால. இதுல ஒரு வரி பொய்யா, அதை மொதல்ல சொல்லுங்க. சரி, சொல்லாண்டாம். எச்.ஆர்.னாலும் நீங்களும் இங்க சம்பளத்துக்கு இருக்கவங்கதான்.

என்ன வெளையாட்டு இதுன்னு கேக்கீங்க. வெளையாட்டுத்தான். போன்ல ஒரு சைட்டு இருக்கு, நதியாதான் காட்டிக் குடுத்தா. பேரப் பதிஞ்சா, முன்னப்பின்ன தெரியாத யாரோ ஒருத்தர் அட்ரஸ் வரும். அவங்களுக்கு நாம ஒரு கார்டு போடணும். அது போய்ச் சேந்துச்சுன்னா, ஒலகத்துல வேற எங்கயோ இருந்து வேற யாரோ நமக்குப் போடுவாங்க. அம்புட்டுதான். என் வீட்டுக்காரரும் கேட்டாரு, இதுல ஒனக்கு என்னட்டி கிடைக்குன்னு. நீங்க ஞாயித்துக்கிழம முழுக்க சீட்டு வெளையாடுதீங்களே, அதுல என்ன கிடைக்குன்னேன். மனுசன் சீட்டக் கலைக்கப் போயிட்டாரு.

கிடைக்கது என்ன தெரியுமா மேடம்? இங்க என்னய யாரும் பேரச் சொல்லிக் கூப்பிடதில்ல. ஏ ஓவர்லாக்கு, ஏ மூணாம் லைனு. தங்கதுரை சூப்பர்வைசருக்கு நான் எந்த ஊருன்னு கூடத் தெரியாது. கார்டுல மட்டும் முழுப் பேரையும் எழுதி, முத்துப்பேச்சி எப்படி இருக்கீங்க, உங்க ஊர்ல மழை பெய்யுதான்னு கேப்பாங்க. பாத்தே இராத ஆளுக்கு அம்புட்டு மரியாதை. எனக்கு அது பிடிச்சிருக்கு. பிடிச்சிருக்குன்னு சொல்ல நான் எதுக்கு வெக்கப்படணும்?

கம்பெனி அட்ரஸ் எதுக்குக் குடுத்தேனா? அருள்புரத்துல எங்க லைன் வீட்டுல எல்லாக் கதவும் ஒண்ணு போல இருக்கும், போஸ்ட்மேன் எந்தக் கதவத் தட்டுவாரு? அதுவும் வருசத்துக்கு ஒரு வீடு மாறுதோம். கம்பெனி எங்கயும் போவாதுலா. ஒளிக்கதுக்கு இதுல ஒண்ணும் இல்ல மேடம். கவரா, ஒட்டி அனுப்ப? தொறந்த கார்டு. கேட்டுல வாட்ச்மேன் அப்புசாமி ஐயா படிப்பாரு, டைம் ஆபீஸ்ல படிப்பாங்க, அப்புறந்தான் எனக்கு வரும்.

அவரு படிச்சதால ஒரு கூத்து நடந்துச்சு, கேளுங்க. ஒரு நாள் கார்டு ஒண்ணு, நாலு ஓரமும் கட்டக் கருப்பா வந்துச்சு. நம்ம பக்கம் ஓரத்துல கருப்புன்னா என்ன அர்த்தம்? எழவுச் சேதி. அப்புசாமி ஐயா அத ரெண்டு விரல்ல புடிச்சு, கேட்டுக்கு உள்ள கொண்டாரவே இல்ல. ஏனுங் சூப்பர்வைசரு, அந்த அம்மிணியச் சித்த அனுப்பி வெய்யுங்க, சாவுக் காயிதம் வந்திருக்குதுங்கன்னு போன் போட்டுட்டாரு. தங்கதுரை சார் ஓடியாந்தாரு. மிஷின நிறுத்துனாரு, அவரே கேட் பாஸ் எழுதுனாரு, போம்மா போம்மான்னாரு. நான் எங்க அம்மைக்குத்தான் என்னமோன்னு மாருல அடிச்சிக்கிட்டே பஸ் ஸ்டாப்பு வரைக்கும் ஓடிட்டேன். நதியா கார்டோட பின்னாலயே ஓடி வாரா. அக்கா, அழாதீங்க, போர்ச்சுகல்ல ஒரு பாட்டிக்குப் பேத்தி பொறந்திருக்காம், அந்தச் சந்தோசத்த எழுதியிருக்காங்கன்னு. படத்துக்குக் கருப்பு ஓரம் போட்டது அழகுக்காம். எனக்கு அழவா சிரிக்கவான்னு தெரியல.

அதுக்கு அப்புறந்தான் நான் போடுத கார்டு எல்லாத்துலயும் நாலு மூலைக்கும் மஞ்சள் தொட்டு வைக்க ஆரம்பிச்சேன். யாரும் நம்மள மாதிரி பதறிரக் கூடாதுலா? ஜப்பான்ல ஒரு அக்கா, உங்க கார்டுல கறை பட்டிருக்கு, வழியில நனைஞ்சுட்டோன்னு கேட்டு எழுதியிருந்தா. கறை இல்லக்கா, மங்களம்னு பதில் போட்டேன். அப்பல்லாம் நதியாதான் எழுதித் தருவா. ஆமா, அப்ப.

சிரிக்கீங்க. நானும் சிரிச்சேன். ஆனா பஸ் ஸ்டாப்புல இருந்து திரும்பி வரும்போது ஒண்ணு மனசுல பட்டுச்சு மேடம். செத்துட்டாங்கன்னா உடனே வெளிய விடுதாங்க. மூத்திரம் வந்தா விட மாட்டேங்காங்க.

மூஞ்சியச் சுளிக்காதீங்க. வேற எப்படிச் சொல்ல? நாங்க காலைல இருந்து தண்ணி குடிக்க மாட்டோம். குடிச்சா போகணும், போகணும்னா டோக்கன் வேணும், டோக்கன் யார் கையில இருக்கோ. ஷிப்மெண்ட் நாளுன்னா அதையும் சூப்பர்வைசர் தன் பாக்கெட்டுல போட்டுக்கிடுவாரு. பையர் ஆளுங்க ஆடிட்டுக்கு வாரன்னைக்கு மட்டும் பாத்ரூம் கதவுல ஊதுபத்தி மணக்கும். டோக்கன் இருந்த ஆணியில சாமி படம் தொங்கும்.

சின்னத்தாய் அக்காவ உங்களுக்குத் தெரியாது. நீங்க வாரதுக்கு முன்னால எனக்கு அடுத்த மிஷின்ல இருந்தவ. சக்கர வியாதி உள்ளவ. டோக்கன் கேட்டா, கேட்டா, கையக் கையத் தூக்குனா. இந்த பண்டில் துணியத் தச்சு முடிச்சிட்டுப் போம்மான்னாரு. ஸ்டூல்லயே போயிருச்சு. தங்கதுரை சார் ஒரு வேஸ்ட் துணியத் தூக்கிப் போட்டு, துணி மேல படாமத் தொடச்சுவிடுன்னாரு. அயர்ன் போடுத ஆம்பளைங்க அம்புட்டுப் பேரும் பாக்க, குனிஞ்சு தொடச்சா. அவகூட சேந்து தொடைக்க நான் எந்திரிக்கல மேடம், எவளும் எந்திரிக்கல. மறுநாள் அவ வரல. அதுக்கப்புறம் வரவே இல்ல. இப்ப நெனச்சாலும் எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது.

சரி. நதியாவுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சா விட்டிருக்க மாட்டா, பயந்த பிள்ள. எனக்கு வந்த கார்டையெல்லாம் பாத்துப் பாத்து நானே எழுதிப் பழகிட்டேன். மை நேம் இஸ், ஐ லிவ் இன், ஐ வொர்க் இன்னுதான எல்லாரும் ஆரம்பிக்காங்க. மிச்சத்துக்கு போன் இருக்கு. பேனா குடுங்க, இங்கனயே எழுதிக் காட்டுதேன், படத்துல இருக்க எழுத்தோட வச்சுப் பாருங்க.

இந்தா, சரியா இருக்கா?

தப்புன்னு நான் நெனைக்கல. உங்க அன்றாடத்த எழுதுங்கன்னு கேக்காங்க, எழுதுனேன். ஒளிச்சா எழுதுனேன்? போஸ்ட்மேன் வார வரைக்கும் அப்புசாமி ஐயா மேசையிலதான் கிடக்கும். தங்கதுரை சார் கூட ஒண்ணக் கையில எடுத்து, மயிலு ஜோரா இருக்குதேன்னாரு. திருப்பிப் பாக்கல.

ஒண்ணான்னு கேக்கீங்களா? ஒண்ணு எங்க மேடம். சின்னத்தாய் அக்கா போனதுல இருந்து நான் போட்ட எல்லாக் கார்டுலயும் அதே நாலு வரிதான். நெதர்லாந்துக்குப் போனது சீக்கிரம் சேந்துட்டு. பிரேசிலு, கனடா, அதெல்லாம் பையத்தான் போகும். எது என்னைக்குச் சேரும்னு எனக்கே தெரியாது. திருப்பியும் வாங்க முடியாது, போட்டா போட்டதுதான். நதியாவ வெளிய நிறுத்தி வச்சிருக்கும்போது அடுத்தது சேந்து, பையர் மறுபடி மெயில் போட்டா, அப்ப யார் எழுதுனான்னு சொல்லுவீங்க?

அதனால அந்தப் பிள்ளைய உள்ள விடுங்க. அந்த டோக்கன எடுங்க. எடுத்துட்டீங்கன்னா அதையும் எழுதிப் போடுதேன், மஞ்சள் வச்சு. என்னய அனுப்புனா அனுப்புங்க, எனக்கு அட்ரஸ் மாறும், கை மாறாது.

இப்ப அந்தத் தண்ணியக் குடுங்க மேடம். முழு கிளாசும் குடிக்கேன். இந்த ஆபீஸ் பாத்ரூமுக்கு டோக்கன் கிடையாதுலா? அன்னா அந்தக் கதவுதான?