நாற்பத்தொரு பேருக்குக் காவல்

இரவு இரண்டேகால். பாலைவன நகரமான தமன்ராசெத்திலிருந்து தெற்கே எல்லைக்குப் போகிற சாலை. விளக்கு இல்லை, வீடு இல்லை... கண்ணுக்கு எட்டியவரை மணல். ஒரே ஒரு கைபேசிக் கோபுரம்.

நெருங்கி உட்காருங்கள், இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது. என் நண்பன் தாஹரின் மைத்துனன் யூபா அங்கே காவலுக்கு நின்ற சிப்பாய். நடந்ததை அவன் தாஹரிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான்.

அன்று சாயங்காலம் ராணுவச் சரக்கு விமானம் ஒன்று அந்தச் சாலையோரம் விழுந்திருந்தது. உள்ளே பெருநாள் விடுமுறைக்கு ஊருக்குப் போய்க்கொண்டிருந்த சிப்பாய்கள், நாற்பத்தொரு பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. வெள்ளைத் துணி போர்த்தி, வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். விடிந்தால்தான் வண்டி வரும்.

யூபாவோடு காவலுக்கு இருந்த ஸுபேர் ஜீப்புக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

"பயமா இருந்தா என்னை எழுப்பாதடா. உன் பொண்டாட்டிக்குப் போன் பண்ணு."

யூபா லாந்தரோடு தனியாக நின்றான். எரிந்த எண்ணெய் வாடை. எலும்பு வரை குளிர்.

ட்ர்ர்ர்... ட்ர்ர்ர்...

மணலுக்குள் ஒரு கைபேசி அதிர்ந்தது. இருட்டியதிலிருந்து இப்படித்தான். சேதி தெரியாத வீடுகளின் அழைப்புகள்... ஒவ்வொன்றாக அடங்கிவிட்டன. இது மட்டும் ஓயவில்லை. எதையும் தொடக் கூடாதென்று உத்தரவு. ஆனால் அவனால் தாங்க முடியவில்லை. அணைத்துவிடத்தான் எடுத்தான். திரையில் 'அம்மா'. விரல் தவறி அழைப்பை எடுத்துவிட்டது.

"நசீமு! பேசிட்டிருக்கும்போதே கட்டாயிடுச்சேடா!"

யூபா கைபேசியைக் காதில் வைத்தான்.

"அம்மா... நான் நசீம் இல்லை. அவர் எப்போ பேசினாரு?"

"இப்பத்தான்ப்பா. ரொம்பக் குளிருதுன்னான். பக்கத்துல ஒருத்தர் விளக்கோட நிக்கிறாரு, கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறாருன்னு அழுதான்... அது நீங்கதானா தம்பி?"

அந்த வரிசை அவன் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. துணி உரசுகிற சத்தம்... காற்று அசையவே இல்லை.

ஓடிவிடலாம். ஜீப் இருபது அடிதான்.

"எம் புள்ளைக்குக் குளிரு ஆகாதுப்பா," என்றாள் அவள்.

யூபா கண்களை இறுக மூடிக்கொண்டான். கனத்த ராணுவக் கோட்டைக் கழற்றினான். திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினான். எவ்வளவு நேரம் அப்படி நின்றானோ...

அவன் விரல்களிலிருந்து, பிடுங்காமல், மெதுவாக... யாரோ அதை வாங்கிக்கொண்டார்கள்.