டெல்லிப் பயணமும் போஞ்சிக் கொடியும்

மூன்றாம் வகுப்போடு நின்று, எவரிடமும் கைநீட்டாமல் மாத்தளை டவுனில் மாடிவீடு கட்டியவன் நான். காரை விட்டுவிட்டு அன்று ரத்தோட்டை பஸ்ஸில் போனேன். முன் சீட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர். இலங்கையின் புதிய ஜனாதிபதி உதவி கேட்டு டெல்லி போயிருப்பதாக பஸ் ரேடியோ சொன்னது.

மூத்தவள் பெருமூச்சு விட்டாள். "போச்சு. இனிப் போஞ்சிக் கொடியப் புடுங்கணும்."

"அவரு டெல்லி போனா ஒங்க கொடிய ஏங்க்கா புடுங்கணும்?"

"யாரு புதுசா வந்தாலும் அங்க போறாங்க. வந்ததும் இந்தியா வீடு குடுக்குதுன்னு நாங்க குடியிருக்குற லயத்துக்குப் பின்னால அளந்து குச்சி அடிப்பாங்க. மூணு தடவ அடிச்சாச்சு."

"வீடு?"

"வீடு எங்க வந்துச்சு? அந்தக் குச்சியிலதான் போஞ்சி ஏத்தியிருக்கேன்."

இளையவள் சிரித்துவிட்டாள். "இந்தத் தடவ அளக்க விடாதீங்க."

"விடாட்டி வீட்டு லிஸ்ட்டுல பேர வெட்டிருவாங்க புள்ள. லயத்துச் செவுரு மழைக்கு வெடிச்சு நிக்குது. எங்க வீட்டுக்காரரு அந்தச் செவுத்தோரந்தான் படுத்த படுக்கையா கெடக்குறாரு."

"அப்ப இந்தத் தடவயாவது கெடைக்குமாக்கா?"

"கெடைக்காது. பிஞ்சு இப்பத்தான் விட்டிருக்கு, பாவம்."

அவள் இறங்கும் இடம் வந்தது. மூத்தவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"எங்க வீட்டுப் பக்கம் வந்தா இந்த டெல்லிக் கதையச் சொல்லிறாத. மனுசன் மறுபடியும் நம்பிருவாரு."