நீலக்கை

இந்த அறைக்கு நல்ல நிறம் பூசியிருக்கிறீர்கள், சேர். இளநீலம். பொலிஸ் நிலையத்தில் இப்படியொரு நீலத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மனிதனை அமைதியாகப் பேச வைக்கும் நிறம் இது. ஆகவே அமைதியாகவே பேசுகிறேன்.

என் பெயர் கஜீபன். 'நீலத்துறை' என்ற மென்பொருள் குடும்பத்தை வடிவமைத்தவன். குடும்பம் என்றுதான் நாங்கள் சொல்வோம். கப்பல் வரவுக்கு நீலவழி, பண்டசாலைக்கு நீலக்கிடங்கு. மூன்றாவதாகப் பிறந்தது ஆட்சேர்ப்புச் செயலி. அதற்கு நீலக்கை என்று பெயர் வைத்ததும் நான்தான். விரிந்த உள்ளங்கைதான் சின்னம். பார்த்திருப்பீர்கள், துறைமுக வாசலில் இன்னும் அந்தப் பதாகை தொங்குகிறது.

குடும்பம் என்றால் ஒழுங்கு வேண்டும். அதற்காக நாற்பது பக்கத்தில் ஒரு விதிநூல் எழுதினேன். மூன்று நீலங்களைத் தவிர வேறு நிறம் கிடையாது. 'இல்லை', 'கூடாது' போன்ற கடுமையான சொற்களும் கிடையாது. யாரையும் பட்டியலிலிருந்து மறைப்பதும் கிடையாது. வேலைக்குத் தகுதியானவரின் பெயருக்குப் பக்கத்தில் கருநீலச் சரி அடையாளம். தகுதியற்றவருக்கு வெளிர்நீலச் சரி. யாருடைய மனமும் நோகாது.

நீலக்கையை முதலில் வாங்கியது கப்பல்களின் அடிப்பாகத்தில் ஒட்டும் சிப்பிகளைச் சுரண்டும் நிறுவனம். அவர்களுக்குத் தினமும் நீருக்குள் மூழ்கி வேலை செய்யும் சுழியோடிகள் வேண்டும். போர்மன் பாக்கியரத்தினம் காலையில் இறங்குதுறையில் நின்று, கைபேசியைப் பார்த்துப் பெயர்களைக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் படகில் ஏறுவார். கூப்பிட்ட பெயரைத் திருப்பி எடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. அது அந்த ஆளுக்கு ஊர் பார்க்கச் செய்யும் அவமானம்.

செயலியைப் பரிசோதித்தவள் ஜுமானா. கிண்ணியா ஊர்ப் பிள்ளை, கெட்டிக்காரி. அறிமுக விழாவுக்கு முதல் நாள் என்னை இறங்குதுறைக்கு இழுத்துக்கொண்டு போய், கைபேசியை வெயிலில் நீட்டினாள்.

"இந்த வெயிலுக்குள்ள பாருங்க அண்ணன். ரெண்டு சரியும் ஒரே மாதிரித்தானே இரிக்கு?"

"கையால மறைச்சுப் பாருங்கோ, தெரியும்."

"போர்மனுக்கு ஒரு கையில போன், மத்தக் கையில படகுக் கயிறு. மறைக்க மூணாவது கைக்கு எங்க போற? உங்கட சின்னத்தில இரிக்கிற கையைக் கழட்டிக் குடுப்பீங்களா?"

சிரித்தேன். நல்ல பகிடிதான். ஆனால் அவள் சிரிக்கவில்லை. தன் கூடப்பிறந்த அண்ணனின் கதையை எடுத்தாள்.

"எங்கட றம்ஸான் நானாட பேரும் இதுக்குள்ள இரிக்கு அண்ணன். போன வருஷம் ஆழத்தில இருந்து அவசரமா மேல வந்து, சுவாசப்பை அடிபட்டுப் போச்சு. இன்னொருக்கா இறங்கினா மௌத்துத்தான் எண்டு டொக்டர் எழுதியே தந்திட்டார். அந்தக் கடிதத்தை நான்தான் இதுக்குள்ள ஏத்தினேன். வேணாமெண்டு சொன்னாலும் நானா கேக்குறாரில்ல, திரும்பவும் விண்ணப்பம் போட்டிருக்கார். இந்த மெசின் அவரை இறங்க விடாது எண்டு உம்மாக்குச் சொல்லி வச்சிருக்கேன். ஒரு சிவப்புப் போடுங்களேன்."

பார்ப்போம் என்றேன். பார்க்கவும் செய்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, சேர். அன்று பின்னேரமே வெளிர்நீலச் சரியை எடுத்துவிட்டு, சிவப்பில் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி போட்டுப் பார்த்தேன். நான்கு நிமிட வேலை. வெயிலில் கொண்டுபோய்ப் பிடித்தேன். பத்தடி தள்ளியும் தெரிந்தது. அதுதான் பிரச்சினை. குடும்பப் படத்தில் அடுத்த வீட்டுக்காரன் நுழைந்து நிற்பதுபோல இருந்தது. அழித்துவிட்டேன்.

மறுநாள் ஜுமானாவை மூதூருக்கு அனுப்பினேன், அங்கே ஒரு சங்கத்துக்குச் செயலியைப் பழக்கிக் கொடுக்கவென்று. அந்தப் பயிற்சி அடுத்த கிழமைக்கென்று வைத்திருந்தது. நான்தான் முன்னுக்குக் கொண்டுவந்தேன். விழாவில் அவள் ஏதாவது கதைத்துவிடக் கூடாதல்லவா? கொழும்பிலிருந்து முதலாளி வந்திருந்தார். அடுத்து வாங்கப்போகும் ஆறு நிறுவனத்தாரும் வந்திருந்தார்கள். படம் பிடிக்கிறவர்கள் வேறு.

போர்மன் பெயர்களைப் படித்தார். ஏழாவது பெயர் றம்ஸான். மெலிந்த மனிதர், சிரித்த முகம். இறங்கி முக்கால் மணித்தியாலத்தில் அவரை மேலே தூக்கினார்கள். மிச்சம் உங்கள் கோப்பில் இருக்கிறது.

அந்தக் கோப்பில் ஒரு பிழையும் இருக்கிறது. போர்மனின் கவனயீனம் என்று எழுதியிருக்கிறீர்கள். பாவம், அது அநியாயம். பாக்கியரத்தினம் ஐயா கவனமான மனிதர். ஏழாவது பெயரில் நின்றார். கண்ணைச் சுருக்கினார். பக்கத்தில் நின்ற என்னிடம் கைபேசியைத் திருப்பி, மெல்லக் கேட்டார்.

"தம்பி, இவர் போறவரோ, நிக்கிறவரோ? எனக்கு வடிவாத் தெரியேல்ல."

எனக்குத் தெரிந்தது. வெளிர்நீலம். அந்த நீலத்தைத் தேர்ந்தெடுக்க நான் பதினொரு நாள் செலவழித்தவன், எந்த வெயிலிலும் கண்டுபிடிப்பேன். யாருடைய பெயர் என்பதும் தெரிந்தது. முதலாளி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கம் சொல்ல வேண்டி வந்தால் அந்த வடிவமைப்புத் தோற்றுவிட்டது என்று விதிநூலின் முதல் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன்.

"சரி போட்டிருக்குத்தானே ஐயா," என்றேன். "கூப்பிடுங்கோ."

அவர் கூப்பிட்டார்.

ஜுமானா என்னுடன் கதைப்பதில்லை. உம்மாவின் முகத்தைப் பார்க்க ஏலாமல் மாமி வீட்டில் இருக்கிறாளாம். அதில் எனக்கு வருத்தம்தான். அவளுடைய யோசனையை நான் தட்டிக் கழிக்கவில்லை என்பதை, அந்த நான்கு நிமிடத்தை, நீங்களாவது அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அவ்வளவுதான். எல்லாம் என் வாயால் சொன்னது, ஒன்றையும் மறுக்கமாட்டேன். ஆனால் கையெழுத்து வைக்கும் இடத்தைச் சுற்றிச் சிவப்பில் பெட்டி அடித்திருக்கிறீர்கள், சேர். பார்த்தவுடன் மனிதன் பயந்துபோவான். அதை மட்டும் நீலத்தில் மாற்றித் தாருங்கள், உடனே வைக்கிறேன்.