இரண்டு, மூன்று, இரண்டு

பழைய கணினிக்கு முதல் எதிரி தூசிதான், ஐயா. எழவில்லை என்று யாராவது வந்து நின்றால் நான் முதலில் மூடியைக் கழற்றித் தூசியை ஊதிவிடுவேன். பாதிக் கோளாறு அதிலேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குப் பொறுமை வேண்டும், அது என்னிடம் நிறையவே உண்டு. சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் கேட்ட மச்சான் விஷயத்துக்குத்தான் வருகிறேன்.

மச்சான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். இந்தச் சலவைக் கூடத்தில் பாய்லர் அவர் பொறுப்பு. எனக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். பதினெட்டு வருஷமாக இங்கே உள்ள கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு 'டாக்டர்' என்று பெயர் வைத்ததும் அவர்தான். "நம்ம டாக்டர் கையில உயிர் போன கேஸே கிடையாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கேலிதான். ஆனாலும் கேட்க நன்றாக இருக்கும்.

பாய்லர் அறைக்கு மேலே ஒரு கண்ணாடி அறை இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அங்கே இருக்கும் கணினிக்கு ஒரே ஒரு வேலை. பாய்லர் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. சுவரில் உள்ள உணர்கருவி அதை அளந்து, கணினிக்குள் இருக்கும் ஒரு கார்டுக்கு அனுப்பும். எண் முப்பதைத் தாண்டினால் அந்தக் கார்டு மணியை அடித்து, வெளியேற்றும் விசிறியையும் ஓட்டிவிடும். சாதாரண நாளில் திரையில் இரண்டு, மூன்று, இரண்டு என்று ஆடிக்கொண்டிருக்கும். கீழே நிற்கிறவருக்கும் தெரியும்படி பெரிய எழுத்தில் வைத்திருந்தோம்.

போன வருஷக் கடைசியில் அதன் ஹார்ட் டிஸ்க் வட்டு போய்விட்டது. புது வட்டு போட்டு, புது இயங்குதளம் ஏற்றினேன். அங்கேதான் பிடித்தது சனி. இயங்குதளத்தின் மூளையான கெர்னல் ஏறத் தொடங்கும், பத்து நொடியில் திரை முழுக்க எழுத்து ஓடும், அப்படியே உறைந்துவிடும். நினைவகத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். மதர்போர்டு பேட்டரியை மாற்றினேன். கடைசியில் ஓடுகிற எழுத்தைச் செல்போனில் படம் பிடித்து, நிறுத்தி நிறுத்திப் படித்தேன். சாகும் முன் கெர்னல் கடைசியாகத் தொட்டது, வாயு அளவை வாங்கும் அந்தக் கார்டை இயக்கும் டிரைவர் என்ற நிரலை. இருபது வருஷத்துக் கார்டு, புது கெர்னலுக்கு அது ஒத்துவரவில்லை.

மூன்று நாள் ஆகிவிட்டது. பாய்லரை நிறுத்தி வைத்திருந்தார்கள். மேலாளர் நல்ல மனிதர், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "ஆகலேன்னா சொல்லிடுங்க டாக்டர், தப்பில்ல. வெளியிலேர்ந்து ஒருத்தரைக் கூப்பிட்டுக்கறேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று மதியமே அந்த டிரைவரை ஏற்றாதே என்று கெர்னலுக்கு ஒரு வரி எழுதினேன். கணினி ஒரே மூச்சில் எழுந்தது. கார்டுதான் ஊமையாகிவிட்டது, இனி மணியும் அடிக்காது, விசிறியும் ஓடாது. கார்டைக் கழற்றவில்லை. யாராவது திறந்தால் இடம் காலியாகத் தெரியுமே. மேலாளர் கைகொடுத்தார். மச்சான் என் முதுகில் தட்டினார். பாய்லரைப் பற்றவைத்தார்கள்.

மறுநாள் மச்சான் மேலே வந்தார். "ஏன் மாப்ளே, பூஜ்யத்துலயே நிக்குது? முன்னெல்லாம் ரெண்டு மூணுன்னு ஆடிக்கிட்டே இருக்குமே."

"புது சாஃப்ட்வேர் மச்சான். இன்னும் பழகல."

"பாத்துக்க. அதை நம்பித்தான் கீழ நிக்கறேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். உட்கார்ந்து பத்து வரியில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். இரண்டு, மூன்று, இரண்டு. சில சமயம் ஒன்று. காலையில் பாய்லர் பற்றவைக்கும் நேரத்தில் மட்டும் நான்கு வரை போய் இறங்கும், உண்மையிலும் அப்படித்தான் போகும். சிரத்தையாகச் செய்தேன். மச்சான் கீழேயிருந்து பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

சரியான கார்டு ஒன்றைப் பழைய சாமான் கடையில் தேடி நானே வாங்கினேன். என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, உறைகூடப் பிரிக்கவில்லை. வந்து மூன்று வாரமாகிறது. பொருத்த வேண்டுமென்றால் கணினியை நிறுத்த வேண்டும், ஏன் நிறுத்துகிறாய் என்று கேட்பார்கள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்குத் தேய்ப்புப் பிரிவு மேற்பார்வை அம்மா பாய்லர் அறை இன்டர்காமிலிருந்து மேலே இருந்த எனக்குக் கத்தினார். "டாக்டர், உங்க மச்சான் விழுந்து கெடக்காரு. மூச்சு இருக்கு. கண்ணு தொறக்கல." நான் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தேன். பாய்லர் பக்கத்தில் கால் மடங்கிக் கிடந்தார். புகைபோக்கியில் அடைப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

"வெளியில தூக்கிட்டுப் போயிடலாமா? எனக்கும் தலையை வலிக்குது" என்றார் அந்த அம்மா. "வாயுவா இருக்குமோ?"

நான் திரையைப் பார்த்தேன். இரண்டு காட்டியது.

"வாயு இல்லம்மா, ரெண்டுதான் இருக்கு. அவருக்கு பிரஷர் உண்டு. அசைக்காதீங்க, ஆம்புலன்ஸ் வரட்டும். நீங்க வெளிய வந்துடுங்க."

அவர் வெளியே வந்துவிட்டார், அதனால் பிழைத்தார். ஆம்புலன்ஸ் வரப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. ஆம்புலன்ஸ் ஊழியர் இடுப்பில் செருகியிருந்த, வாயுவைக் காட்டும் சின்னக் கருவி வாசலிலேயே அலற ஆரம்பித்தது. அவர் முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். மச்சானுக்கு அதற்குள் மூச்சு நின்றிருந்தது.

பதற்றத்தில் என் எண்ணையே நான் நம்பிவிட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நம்பினாள். உங்களிடம் அப்படிச் சொல்லப்போவதில்லை. அந்த இரண்டை எழுதியவன் நான் என்று அந்த நொடியிலும் எனக்குத் தெரியும். தூக்குங்கள் என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொன்னால் திரை பொய் என்று ஆகிவிடும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பன்னிரண்டு நிமிஷமும் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் விரல் இரண்டு தடவை அசைந்தது.

இந்த வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஒன்றே ஒன்று மட்டும். கணினி பழுதானதால் நடந்த சாவு என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள், ஐயா. அது தவறு. நான் சரிசெய்து கொடுத்த நாளிலிருந்து அது ஒரு தடவைகூட எழாமல் இருந்ததில்லை. சந்தேகமிருந்தால் இப்போதே போட்டுப் பாருங்கள்.